பேருந்தில் கலையும் பெஞ்ச் வரிசை

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் விடுமுறையும் கழிந்த பிறகுதான் பெரும்பாலும் டூர் பேச்சு எழும். எங்கே போவது, ஒரு நாளா இரண்டு நாளா, தலைக்கு எவ்வளவு, யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் முழுக்க வகுப்பில் வேறு பேச்சே இருக்காது. பெற்றோருக்கு அனுப்பும் அனுமதிக் கடிதத்தில் கல்விச் சுற்றுலா என்று அச்சிட்டிருந்தாலும் பிள்ளைகள் வாயில் அது டூர்தான். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஒரு கல்யாணத்தில் சந்தித்துக்கொண்டால், வகுப்பில் நடந்த பாடத்தை யாரும் எடுப்பதில்லை; மலைப்பாதையில் வாந்தி எடுத்தது யார், கூட்டத்தில் காணாமல் போய் எல்லாரையும் அலைய விட்டது யார், யாருடைய வீட்டுப் புளிசோற்றுக்கு அடிதடி நடந்தது என்பதைத்தான் பேசுகிறார்கள். ஓராண்டு முழுக்க வகுப்பறை செய்யாத ஒன்றை ஒரு நாள் பயணம் எப்படிச் செய்துவிடுகிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் பிடிபட்டுவிட்டால், எந்தப் பயணம் ஒரு வகுப்பை ஒன்றுசேர்க்கும், எது வெறும் செலவாக முடியும் என்பதையும் ஓரளவுக்கு முன்பே சொல்லிவிடலாம்.

முதல் காரணம் நேரம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் உட்காருகிறார்கள் என்றாலும், அதில் பெரும்பகுதி அவர்கள் பேசக் கூடாத நேரம். காலையிலும் மாலையிலும் சிறு இடைவேளை, மதியம் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட, கழிவறை வரிசை, தண்ணீர்க் குழாய் வரிசை, சத்துணவு வரிசை போக மனம்விட்டுப் பேசக் கிடைப்பது நாளுக்கு அரை மணி நேரம் இருக்கலாம். நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிய வேண்டியிருந்தது. அவர் ஆராய்ந்தது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும் என்பதால் அந்த எண்களை எட்டாம் வகுப்புக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அவர் கண்ட இன்னொன்று பள்ளிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்: கடமைக்காகச் சேர்ந்து வேலை செய்த நேரம் நட்புக்கு அவ்வளவாக உதவவில்லை, வேலை வெட்டி இல்லாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நேரமே உதவியது. விடியற்காலை 5 மணிக்குப் பள்ளி வாசலில் கூடி இரவு 9 மணிக்குத் திரும்பும் ஒரு பயணம் பதினாறு மணி நேரம். நாளுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் அது முப்பத்திரண்டு பள்ளி நாட்களின் பேச்சு, ஒரே நாளில்.

இரண்டாவது காரணம் இடம் மாறுவது. இடம் என்று நான் சொல்வது பார்க்கப் போகும் ஊரை மட்டுமன்று; உட்காரும் இடத்தையும்தான். நம் வகுப்பறைகளில் முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்பவை வெறும் மரப்பலகைகளாக இருப்பதில்லை, அவை பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்ட பட்டங்கள். மதிப்பெண், உயரம், ஆசிரியரின் அபிப்பிராயம், ஊர், தெரு, சில இடங்களில் வெளியே சொல்லப்படாத சாதி ஆகியவை சேர்ந்து யார் யார் பக்கத்தில் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024இல் அளித்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்ற பரிந்துரையும் இடம்பெற்றிருந்தது நினைவிருக்கலாம். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். பெரிய விஷயம்தான். தினமும் ஒரே தோளில் இடித்துக்கொண்டு உட்காருபவர்கள் பேசிப் பழகுகிறார்கள். மூன்று வரிசை தள்ளி உட்காருபவர், பெயர் தெரிந்த அந்நியராகவே ஆண்டை முடிக்கிறார்.

பேருந்து அந்த வரிசையைக் கலைக்கிறது; அதோடு தகுதிகளையும் மாற்றிப் போடுகிறது. கணக்கில் எப்போதும் தோற்பவன், ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரன் என்பதால் மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருவது இந்த வட்டாரத்துக்கு இயல்பு. வகுப்பில் அந்த மொழிகள் ஒரு குறையைப் போல ஒளிந்துகொண்டிருக்கும். ஆந்திர எல்லையைத் தாண்டி வழி கேட்க வேண்டி வந்தால் வகுப்பே அந்தத் தெலுங்குப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்கும். அப்பாவின் டீக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து பழகியவள் ஐம்பது பேருக்கு வாங்கிய தேநீருக்குச் சில்லறைக் கணக்குத் தீர்க்கிறாள். ஒருவரைப் பற்றி ஒரு வகுப்பு வைத்திருக்கும் ஒரே மதிப்பீடு ரேங்க் அட்டையாக இருக்கும் வரை, அந்த வகுப்பு அவரை அறிந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

ஆனால் எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டால் போதும், ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைத் தெளிவாகச் சொன்னார்: வேறுபட்ட பிரிவினர் சந்தித்துக்கொள்வதால் மட்டும் மனத்தடைகள் விலகுவதில்லை, சந்திப்பில் இரு தரப்புக்கும் சம மதிப்பு வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், அதை அடையக் கூடி உழைக்க வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். அதே 1954ஆம் ஆண்டின் கோடையில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஒரு முகாமில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் நடத்திய சோதனை இதற்குப் பக்கபலம். பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தபோது, சில நாட்களுக்குள் கொடியை எரிப்பது, அறையைச் சூறையாடுவது என்று பகை முற்றியது. பிறகு இரு அணிகளையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார்கள். பகை குறையவில்லை, சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். முகாமின் தண்ணீர் நின்றுபோனபோது எங்கே அடைப்பு என்று எல்லாரும் சேர்ந்து தேடியதும், கிளம்பாத லாரியைக் கயிறு கட்டிச் சேர்ந்து இழுத்ததுமே அவர்களைப் படிப்படியாக இணைத்தன. இன்றைய அளவுகோலில் அந்தச் சோதனையின் முறையைக் குறை சொல்வோர் உண்டு. சிறுவர்களுக்குத் தெரியாமல் அவர்களைச் சண்டைக்குத் தூண்டியது எனக்கும் உவப்பானதல்ல. இருந்தாலும் சேர்ந்து வேடிக்கை பார்ப்பதற்கும் சேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஏலகிரி ஏறும் பாதையில் எங்கள் வண்டியின் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது என்பது நினைவில்லை. ஓட்டுநர் தண்ணீர் கேட்டார். எங்கள் தோளில் தொங்கிய தண்ணீர் கேன்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி முன்னே போயின; கடைசியில் குடிக்க ஒருவரிடமும் சொட்டு இல்லை. அதுவரை இரண்டு செட்டாகப் பிரிந்து கிடந்த வகுப்பு மலைமேல் போய்ச் சேரும்வரை ஒரே வறண்ட தொண்டையோடு பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. ஷெரீஃபின் பெயரை நான் கேள்விப்பட்டது அதற்கு வெகு காலத்துக்குப் பின். விபத்தை யாரும் திட்டமிட முடியாது, திட்டமிடவும் கூடாது; ஆனால் எல்லாருடைய கையும் பட்டால்தான் முடியும் என்ற வேலையைப் பயணத்துக்குள் வைக்க முடியும்.

அதற்கு நல்ல களமாக வேலூர்க் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது; வழிமுறைதான் தூரத்திலிருந்து வருகிறது. உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளுக்கிடையே இருந்த பகையைத் தணிக்க ஒரு வகுப்பு முறையை உருவாக்கினார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிடுவது. முழுப் பாடமும் வேண்டுமென்றால் மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். வேலூர்க் கோட்டையை இதற்கென்றே கட்டினார்களோ என்று தோன்றும் அளவுக்கு அது துண்டுகளாகப் பிரியும். விஜயநகரக் காலத்துக் கருங்கல் மதிலும் நீர் நிறைந்த அகழியும் ஒரு குழுவுக்கு. யாளித் தூண்கள் நிற்கும் கல்யாண மண்டபத்தோடு கூடிய ஜலகண்டேஸ்வரர் கோயில், அதில் நெடுங்காலம் மூலவர் இல்லாதிருந்து 1981இல் மீண்டும் வழிபாடு தொடங்கிய கதை இன்னொரு குழுவுக்கு. பள்ளிவாசலும் 1846இல் எழுந்த புனித ஜான் தேவாலயமும் மூன்றாவதற்கு. திப்பு சுல்தானின் பிள்ளைகளும், கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கரும் அடைபட்டிருந்த மகால்களை வெளியிலிருந்து பார்த்து எழுதுவது நான்காவதற்கு. அந்த அரசர் 1832இல் இறக்கும்வரை சிறையிலேயே இருந்தார். அவருடைய நினைவிடம் பாலாற்றங்கரையில் இருக்கிறது.

மதியம் அகழியோரத்து நிழலில் நான்கு குழுக்களும் கலந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் என்று புதுக் குழுக்களாகி, தாம் பார்த்ததை மற்ற மூவருக்கும் சொல்லும்போது ஒரு கேள்வியை வைக்கலாம்: 1806 ஜூலை 10ஆம் தேதி அதிகாலையில் இந்தக் கோட்டையில் ஆங்கிலேயரின் இந்தியச் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்? நெற்றிக் குறிகளைத் தடுத்தும், தாடியை மழிக்கச் சொல்லியும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியச் சொல்லியும் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒரே நேரத்தில் புண்படுத்தியது என்பது ஒரு துண்டு. கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்தது இன்னொரு துண்டு. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டு நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது மற்றொன்று. எந்த ஒரு பிள்ளையிடமும் முழு விடை இருக்காது. நாற்பது பேர் வழிகாட்டியின் பின்னால் ஆட்டுமந்தை போல நடந்து, பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டு வரும் வழக்கமான சுற்றுலாவில் அதே கோட்டை இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவதே இல்லை.

காவலூர் வேறு வகை. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அப்பால் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம், பழைய வடாற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த நாளில் நம் மாவட்டத்துப் பெருமை. 1989இல் திருவண்ணாமலை பிரிந்து, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு அது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, மலை மட்டும் இடம் மாறவில்லை. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய 1977 மார்ச் 10ஆம் தேதி நோக்குதல்களில் இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியும் பங்கேற்றது; 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. பாடத்துக்கு இவை போதும். நட்புக்குப் பயன்படுவது அங்குள்ள இருட்டு. ஆய்வகத்தைச் சுற்றி வெளிச்சம் கூடாது என்பதால் கைப்பேசியை அணைத்துப் பையில் வைக்க வேண்டும். வானம் தெளிந்த இரவில் பார்வையாளருக்கான தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்க முடியும் என்பதால் மற்றவர்கள் குளிரில் வரிசையில் நிற்க வேண்டும். யாருடைய முகமும் தெரியாத, செய்வதற்கு வேறொன்றும் இல்லாத அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பில் பதின்வயதுப் பிள்ளைகள் பேசும் பேச்சு பகலில் வராது. வீட்டில் நடக்கும் சண்டை, தோற்றுவிடுவோமோ என்ற பயம், அடுத்த ஆண்டு படிப்பைத் தொடர முடியுமா என்ற கவலை எல்லாம் அங்கே வெளியே வரும். ஒருவர் தன்னைப் பற்றிய உண்மையைச் சிறிது திறக்க, மற்றவரும் அதே அளவு திறப்பதில்தான் பழக்கம் நட்பாக முதிர்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு வீட்டின் நிலவரமும் பிரிந்து விடுகிறது: ஒருவரிடம் ஆம்பூர் பிரியாணி, ஒருவரிடம் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும், ஒருவரிடம் தயிர்சோற்றில் ஊறுகாய் மட்டும். செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் நடுவில் வைத்துச் சாப்பிடும் வகுப்புகளும் உண்டு. நான்கு நான்கு பேராகத் திரும்பி உட்கார்ந்து மூடிக்கொண்டு சாப்பிடும் வகுப்புகளும் உண்டு. ஆசிரியர் எந்த வட்டத்தில் உட்கார்ந்து யார் வீட்டுச் சோற்றில் கை வைக்கிறார் என்பதைப் பிள்ளைகள் கூர்ந்து கவனிக்கிறார்கள். ஆல்போர்ட் சொன்ன மேலிருப்பவர் ஆதரவு என்பதற்கு இந்த மண்ணில் இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இத்தனையும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: எல்லாரும் வர வேண்டும். ஐம்பது பேர் வகுப்பில் முப்பத்தைந்து பேர் மட்டும் போய் வந்தால் முப்பத்தைந்து பேர் நெருங்குவார்கள், அதே அளவுக்குப் பதினைந்து பேர் விலகுவார்கள். போகாதவர்களைப் பக்கத்து செக்‌ஷனில் உட்கார வைத்த அந்த நாளைவிட, போனவர்கள் திரும்பி வந்து பேசும் அடுத்த இரண்டு வாரங்கள்தான் அவர்களுக்குக் கொடுமை. எல்லாரும் சிரிக்கும் ஒரு வார்த்தைக்கு அவர்களுக்கு மட்டும் பொருள் தெரியாது. என் வகுப்பில் அப்படி நின்றுவிட்ட ஒருவன், தனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொன்னான். தினமும் பதினைந்து கிலோமீட்டர் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவன் அவன். நாங்கள் அதை நம்பியதுபோல் இருந்துவிட்டோம்.

பணம் கொடுத்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும், கொடுக்காதவரை எழுந்து நிற்கச் சொல்வதும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. பயணம் தொடங்கும் முன்பே அது வகுப்பை இரண்டாக்கிவிடுகிறது. இயலாதவர்களுக்கான தொகையை ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து, யாருக்கென்று யாருக்கும் தெரியாமல் கட்டிவிடும் பள்ளிகளும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குத் தடை பணம் மட்டுமன்று: உடன் வரும் ஆசிரியைகள் எத்தனை பேர், இருட்டும் முன் திரும்பிவிடுவார்களா, வழியில் நல்ல கழிவறை இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அனுமதிக் கடிதத்திலேயே பதில் இருந்தால் பல வீடுகளில் கையெழுத்து விழும். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருக்கும் வகுப்பு, மலை ஏறும் திட்டத்தைப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் தூரத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்களை நோக்கி வண்டி எடுக்கும் வழக்கத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அங்கே பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நுழைவுக் கட்டணமே வகுப்பில் கால்வாசிப் பேரைக் கழித்துவிடுகிறது. உள்ளே போனதும் ஏற்கெனவே இருக்கும் செட்டுகள் அப்படியே பிரிந்து, மாலையில் அப்படியே கூடுகின்றன. சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. இதற்கு மாறான ஒரு பயணம் என்ன தரும் என்பதையும் அளந்திருக்கிறார்கள்: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட ஓர் ஓவியக்கூடத்துக்குச் செல்ல விரும்பிய பள்ளிக் குழுக்களில் முதலில் யார் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஜே கிரீனும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவுகளில், அரை நாள் மட்டுமே அங்கே கழித்த பிள்ளைகளிடம் ஆழ்ந்து நோக்கும் திறனும், பழங்கால மனிதர்களின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கும் இயல்பும், மாற்றுக் கருத்தைப் பொறுக்கும் மனமும் சற்றுக் கூடியிருந்தன. சிற்றூர்ப் பிள்ளைகளிடமும் வறிய பள்ளிகளின் பிள்ளைகளிடமும் அந்த வளர்ச்சி மேலும் அதிகம். வீட்டார் காரில் அழைத்துப்போக முடியாத பிள்ளைக்குப் பள்ளிதான் கதவு என்பதை இப்படியும் நிறுவலாம்.

வேலூரின் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கான செலவும் ஒரு வகுப்பு தாங்கக்கூடியதே. சிறு பிள்ளைகளுக்கு அமிர்தி வனவிலங்குப் பூங்காவும், தொல்லியலில் நாட்டமுள்ள வகுப்புக்கு வள்ளிமலையின் சமணச் சிற்பங்களும், முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக மேல்பாடியில் எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலும், ரயிலை விரும்பும் பிள்ளைகளுக்கு 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் வந்து சேர்ந்த வாலாஜா ரோடும் பகலுக்குள் போய்வரும் தொலைவில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதாலேயே அவை டூர் பட்டியலில் ஏறுவதில்லை.

கடைசியாக ஒரு மனக்குறை, நாள் குறிப்பதைப் பற்றி. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ போகும் பயணத்தில் உருவான நெருக்கத்துக்கு ஆயுள் இரண்டு மாதம். மார்ச்சில் திருப்புதல், ஏப்ரலில் தேர்வு, ஜூனில் ஏ செக்‌ஷனையும் பி செக்‌ஷனையும் கலைத்து மறுபடி அடுக்கிவிடுகிறார்கள். வெயிலுக்குப் பேர்போன வேலூரில் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் புது வகுப்பு கூடிய ஐந்தாறு வாரத்துக்குள், யாரும் யாரையும் இன்னும் ஒரு பட்டத்துக்குள் அடைத்துவிடாத நேரத்தில், அரை நாளாவது வெளியே போய் வருவதற்கு ஈடாகாது அது. நாளும் கைவசம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் தேதி மக்கான் சந்திப்பில் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை வைக்கிறார்கள். அந்த வாரத்தில் கோட்டைக்குப் போய் வந்த வகுப்புக்கு ஆண்டுத் தேர்வு வர இன்னும் ஒன்பது மாதம் இருக்கும்.